காற்று மெலிந்த மலையில் பவுடர் பனி: ஸ்னோமொபைல் எஞ்சினை ட்யூன் செய்வதன் கணக்கு

மினசோட்டாவின் உறைந்த ஏரிகளில் சீறிப் பாய்ந்த ஒரு ஸ்னோமொபைலை (பனிமேல் ஓடும் மோட்டார் வண்டியை) ட்ரெய்லரில் ஏற்றி, வயோமிங் மலைகளுக்குக் கொண்டுபோய் இடுப்பளவு பவுடர் பனியில், அதாவது இறுகாத தூள்பனியில், இறக்கினால் அது வேறு வண்டி போல நடந்துகொள்ளும். த்ராட்டிலை முழுக்க அழுத்தினாலும் சத்தம்தான் வரும், இழுவை வராது. சரிவில் பாதி ஏறுவதற்குள் ட்ராக் (வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டை) பனியைத் தோண்ட ஆரம்பிக்கும், வண்டி அங்கேயே புதையும். பழுது என்று எதுவும் இருக்காது. அந்த உயரத்தில் எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்று குறைவு. கிடைக்கிற கொஞ்சக் காற்றுக்கு ஏற்றபடி வண்டியின் மற்ற பாகங்களும் அமைக்கப்படவில்லை.

முதல் குறையை, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ இல்லாமல் தீர்க்க முடியாது. இரண்டாவதைத் தீர்க்கலாம். மலை ட்யூனிங் என்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலைதான். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட்டை மாற்றினால் போன சக்தி முழுக்கத் திரும்பிவிடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். திரும்பாது. மிச்சமிருக்கும் சக்தியைச் சிந்தாமல் ட்ராக் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கலாம், அவ்வளவுதான் நம் கையில் இருப்பது. அந்த வேலையில் கார்புரேட்டரைவிட கிளட்சுக்கே பங்கு அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

எவ்வளவு காற்று குறைகிறது?

கடல்மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 1013 ஹெக்டோபாஸ்கல். 3000 மீட்டரில், அதாவது ஏறத்தாழ 10,000 அடியில், அது 700 அளவுக்கு இறங்கிவிடும். மேலே போகப்போகக் குளிரும் கூடுவதால் அடர்த்தி அந்த அளவுக்குச் சரிவதில்லை. நிலையான வளிமண்டலக் கணக்குப்படி 3000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 74 சதவீதம். ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் சக்தி போகும் என்று மலை ஓட்டுநர்கள் வைத்திருக்கும் பழைய கணக்கும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. 165 குதிரைத்திறன் தரும் 850 சிசி எஞ்சின் அங்கே 120-ஐ ஒட்டித்தான் தரும்.

இது ஏதோ உச்சியில் மட்டும் நடக்கும் விஷயமல்ல. கொலராடோவின் ராபிட் இயர்ஸ் கணவாய் 2873 மீட்டரில் இருக்கிறது, வயோமிங்கின் டோக்வோட்டி கணவாய் 2944 மீட்டரில். அந்தப் பக்கங்களில் சவாரி தொடங்குவதே கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான். கனடாவின் ரெவல்ஸ்டோக் இதற்கு நேர்மாறு. ஊர் 480 மீட்டரில் இருக்கிறது, அங்கிருந்து போல்டர் மலை, ஃப்ரிஸ்பி ரிட்ஜ் என்று ஏறினால் ஒரே நாளில் 2000 மீட்டரைத் தாண்டிவிடலாம். கொலராடோவில் ஒரே அமைப்பை வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஓட்டலாம். ரெவல்ஸ்டோக்கில் அடிவாரத்துக்கும் உச்சிக்கும் பொதுவாக ஒரு அமைப்பைத் தேட வேண்டும். அதனால் இன்னொருவர் சொன்ன ஜெட் எண்ணையோ கிளட்ச் வெயிட் அளவையோ, அவர் எங்கே ஓட்டுகிறார் என்று கேட்காமல் எடுத்துக்கொள்ளவே கூடாது.

வெப்பநிலையும் சேர்ந்துகொள்ளும். அதே 3000 மீட்டரில் காலையில் மைனஸ் 15 டிகிரி, மதியம் வெயில் அடித்துப் பூஜ்ஜியம் டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இடைப்பட்ட நேரத்தில் அடர்த்தி கிட்டத்தட்ட 6 சதவீதம் குறைந்துவிடும். வண்டி நின்ற இடத்திலேயே 2000 அடி மேலே போனது போலத்தான். மார்ச் மாதக் காலையில் அருமையாக ஓடிய வண்டி மதியத்துக்கு மேல் மந்தமாவதற்குப் பல நேரம் இதுவே காரணம்.

பெட்ரோலைக் குறைப்பது ஏன்?

மலையில் ஓடும் ஸ்னோமொபைல்களில் பெரும்பாலானவை டூ-ஸ்ட்ரோக். எடை குறைவு, இழுவை அதிகம். ஆனால் பெட்ரோல்-காற்று விகிதத்தில் சின்னத் தவறு நடந்தாலும் அது பொறுக்காது.

கார்புரேட்டர் காற்றை எடை போட்டுப் பார்ப்பதில்லை. வென்ச்சுரி எனும் குறுகிய கழுத்து வழியாகக் காற்று வேகமாகப் போகும்போது உண்டாகும் அழுத்தக் குறைவு பெட்ரோலை ஜெட் வழியாக இழுக்கிறது. அந்த இழுப்பு காற்றின் அடர்த்தியைப் பொறுத்தது, ஆனால் ஜெட்டில் வரும் பெட்ரோல் அந்த இழுப்பின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் மாறும். 3000 மீட்டரில் காற்று 26 சதவீதம் குறைகிறது, பெட்ரோலோ ஏறக்குறைய 14 சதவீதம்தான் குறைகிறது. ஆகவே கலவை சுமார் 16 சதவீதம் ரிச் ஆகிவிடும், அதாவது காற்றுக்குத் தேவையானதைவிடப் பெட்ரோல் அதிகமாகிவிடும். எஞ்சின் திணறுவது, புகை கக்குவது, பிளக்கில் கரி பிடிப்பது எல்லாம் இதன் விளைவுதான். சின்ன மெயின் ஜெட் போடுவது இந்த 16 சதவீதத்தைச் சரிசெய்யத்தான். காற்று போனதால் போன சக்தி போனதுதான். அதற்கு மேல் ரிச் கலவையால் கூடுதலாகப் போனது மட்டும் திரும்பி வரும்.

மெயின் ஜெட்டை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று விட்டுவிடுவது பரவலான பழக்கம். மெயின் ஜெட் முழு வேலையைச் செய்வது முக்கால் த்ராட்டிலுக்கு மேல்தான். கால் முதல் முக்கால் வரை கலவையைத் தீர்மானிப்பது ஊசியும் அது இறங்கி ஏறும் ஜெட்டும். அதற்கும் கீழே த்ராட்டில் ஸ்லைடின் அடிவெட்டு, குறைந்த வேகத்துக்கான பைலட் ஜெட், அதன் காற்றைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூ. திறந்த சரிவில் முழு த்ராட்டிலில் ஏறுவதற்கு மெயின் ஜெட் போதும். ஆனால் பவுடர் சவாரியின் ருசி மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. அங்கே வண்டியை ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, த்ராட்டிலைப் பாதியில் விட்டு விட்டு அழுத்திப் போக வேண்டும். ஊசி ரிச்சாக இருந்தால் த்ராட்டிலை அழுத்தியதற்கும் எஞ்சின் பதில் சொல்வதற்கும் நடுவே ஒரு தயக்கம் வரும். அந்த அரை நொடியில் வண்டி மரத்தைச் சுற்றியுள்ள பனிக்குழிக்குள் இறங்கிவிடும். ஊசியின் கிளிப்பை ஒரு காடி மேலே மாற்றினால், அதாவது ஊசியைக் கொஞ்சம் கீழே இறக்கினால், அந்தத் தயக்கம் பல வண்டிகளில் போய்விடும்.

பெட்ரோலைக் குறைப்பதற்கும் எல்லை உண்டு. டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலே குளிர்விக்கும் வேலையிலும் பங்கெடுக்கிறது. ஆழமான பவுடரில் ஏறும்போது எஞ்சின் நீண்ட நேரம் முழுச் சுமையில் நிற்கும். தட்டையான பாதையில் ஒரு நொடி லீனாக (பெட்ரோல் குறைந்த கலவையில்) ஓடித் தப்பிக்கிற எஞ்சின் இங்கே தப்பிக்காது. பிஸ்டன் உருகி ஓட்டை விழும், அல்லது சிலிண்டரில் இறுகிச் சீஸ் ஆகிவிடும். பிளக்கின் நிறத்தை மட்டும் நம்பாமல், பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாக ஒரு சின்ன விளக்கை விட்டுப் பிஸ்டனின் தலையைப் பார்ப்பது நல்லது. புதுக் கலவை உள்ளே வரும் ஓரங்களில் கரி படியாமல் கழுவிவிட்டது போலச் சுத்தமான திட்டுகள் தெரியும். அவை மிகப் பெரிதாக இருந்தால் ரிச். திட்டே இல்லாமல் விளிம்பு வரை கரி படிந்திருந்தால் லீன், அப்படியே ஓட்டக் கூடாது. எத்தனால் 10 சதவீதம் கலந்த பெட்ரோல், அதே ஜெட்டில் கலவையைச் சுமார் 4 சதவீதம் லீன் பக்கம் தள்ளும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. காற்றழுத்தம், காற்றின் வெப்பம், கூலன்டின் வெப்பம் எல்லாவற்றையும் சென்சார்கள் அளந்து சொல்ல, கணினி பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். பவுடரில் ஓடும்போது சைலன்சருக்கு முந்தைய பைப்பின் மேல் பனி விழுந்து குளிர்வதும் ஒரு விஷயம். பைப் குளிர்ந்தால் உள்ளே ஒலியலையின் வேகம் குறையும், எஞ்சின் உச்ச சக்தி தரும் சுற்று வேகமும் கீழே இறங்கும். பைப்பின் வெப்பத்தையும் அளந்து அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும் எஞ்சின்கள் இப்போது இருக்கின்றன. ஸ்கீ-டூ வண்டிகளில் வரும் பழைய ரோட்டாக்ஸ் எஞ்சின்களில், எக்ஸாஸ்ட் துளையின் அளவை மாற்றும் வால்வு எக்ஸாஸ்ட் வாயுவின் அழுத்தத்தால் ஸ்பிரிங்கை எதிர்த்துத் திறக்கும். உயரத்தில் அந்த அழுத்தமும் குறைவதால் வால்வு தாமதமாகத் திறக்கும், நடுவில் ஒரு மந்தம் தெரியும். அதன் மூடியில் இருக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் சரியாகிவிடும். சின்ன வேலை, ஆனால் இதை மறந்துவிட்டு ஜெட்டோடு மல்லுக்கட்டுகிறவர்கள் உண்டு.

கிளட்ச்: உண்மையான ட்யூனிங் இங்கேதான்

கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருப்பது போன்ற அமைப்புதான் ஸ்னோமொபைலிலும் இருக்கிறது. எஞ்சினோடு சேர்ந்த முதல் கிளட்ச், ட்ராக்கை ஓட்டும் இரண்டாவது கிளட்ச், இரண்டுக்கும் நடுவில் ஒரு பெல்ட். முதல் கிளட்சில் இருக்கும் வெயிட்கள் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது வெளிப்பக்கம் வீசப்பட்டு, ஸ்பிரிங்கை எதிர்த்து, பெல்ட்டை அழுத்தி மேலே ஏற்றும். பெல்ட் ஏற ஏற விகிதம் உயரும். எஞ்சினின் வேகம் எவ்வளவில் நிலைக்கும் என்பதை வெயிட்களும் ஸ்பிரிங்கும் எஞ்சினின் இழுவையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

எஞ்சினின் இழுவை கால் பங்கு குறைந்துவிட்டது, வெயிட்கள் மட்டும் அதே எடையில் இருக்கின்றன என்றால் என்ன ஆகும்? வெயிட்கள் பெல்ட்டைச் சீக்கிரமே ஏற்றிவிடும். விகிதம் உயர்ந்துவிட்டதால் எஞ்சினுக்குச் சுமை கூடும், அதன் வேகம் உச்சத்துக்குக் கீழே இழுபடும். நிமிடத்துக்கு 8000 சுற்றில் உச்ச சக்தி தரும் எஞ்சின் 7400-இல் முனகிக்கொண்டு நிற்கும். டூ-ஸ்ட்ரோக்கின் சக்தி வரம்பு குறுகலானது. 600 சுற்று கீழே இறங்கினால் காற்று குறைந்ததால் போனதற்கும் மேலே இன்னொரு பெரிய பங்கு போய்விடும். பவுடரில் அந்த இழப்பு இன்னும் கொடுமை. ட்ராக் வேகம் குறைந்தால் வண்டி பனியின் மேல் ஏறி மிதக்காது, உள்ளே அமிழும். அமிழ்ந்தால் சுமை கூடும், வேகம் இன்னும் குறையும்.

ஆகவே உயரத்தில் இலேசான வெயிட்கள் தேவை. வீசு விசை எடைக்கும் வேகத்தின் வர்க்கத்துக்கும் ஏற்ப இருப்பதால், சில கிராம் குறைத்தாலே நூறு, இருநூறு சுற்று ஏறும். உயரத்தை அடுக்கடுக்காகப் பிரித்து, எந்த உயரத்துக்கு எந்த வெயிட் என்று தயாரிப்பாளர்கள் அட்டவணை கொடுக்கிறார்கள். தொடங்க அது நல்ல இடம். ஸ்கீ-டூவின் டிஆர்ஏ என்ற முதல் கிளட்சில் வெயிட்டை மாற்றாமலே கிளிக்கர்கள் எனும் எண்ணிட்ட திருகுகளைத் திருப்பலாம், ஒரு எண் மாற்றினால் சுமார் 200 சுற்று மாறும். ரெவல்ஸ்டோக் மாதிரி இடங்களில் இது பெரிய வசதி.

அட்டவணையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அது அந்த உயரத்துக்கான சராசரி, எந்தப் பனி என்று அதற்குத் தெரியாது. 165 அங்குல நீளமும் 3 அங்குலத் துடுப்புகளும் கொண்ட ட்ராக், ஈரம் இல்லாத ஆழமான பவுடரில் ஒரு சுமை, வசந்தகாலத்தின் கனத்த பனியில் வேறு சுமை. சோதிப்பதற்கு எளிய முறை இருக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடான பின், பவுடர் நிறைந்த ஒரே சரிவில் முழு த்ராட்டிலில் ஏறுங்கள். சில நொடிகள் கழித்து எஞ்சின் சுற்றுகளைக் காட்டும் சுற்றுமானியைப் பாருங்கள். தயாரிப்பாளர் சொன்ன உச்ச சுற்றுக்குக் கீழே நின்றால் வெயிட்டைக் குறையுங்கள். தாண்டிப் போனால் கூட்டுங்கள். தாண்டுவதும் நல்லதல்ல, உச்சத்துக்கு அப்பால் டூ-ஸ்ட்ரோக்கின் சக்தி சட்டென்று விழும். இறுகிய பாதையில் எடுத்த அளவை வைத்துப் பவுடருக்கு அமைத்தால் எஞ்சின் ஆழத்தில் இழுபடும். நான் எப்போதும் பவுடர் அளவையே நம்புவேன், பாதையில் கொஞ்சம் அதிகமாகச் சுற்றினாலும் பரவாயில்லை.

இரண்டாவது கிளட்சின் கதை வேறு. சரிவில் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று பனி ஆழமாகும். அந்த நொடியில் பெல்ட் சட்டென்று கீழே இறங்கி விகிதத்தைக் குறைத்தால்தான் எஞ்சின் தன் சுற்றை இழக்காது. அதைச் செய்வது ஹெலிக்ஸ் எனும் சாய்வான தடமும் அதன் ஸ்பிரிங்கும். கோணம் குறைந்த ஹெலிக்ஸ் மெதுவாக ஏறும், வேகமாக இறங்கும். பவுடருக்கு அதுதான் வேண்டும். கடினமான ஸ்பிரிங்கும் அதே பக்கம் உதவும், ஆனால் அளவுக்கு மீறிப் பெல்ட்டை நெருக்கினால் சக்தி சூடாக மாறி வீணாகும்.

அப்புறம் கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் வேகம். பந்தய ஓட்டுநர்கள் அதை உயர்த்தி வைப்பார்கள். பவுடரில் அது ஆபத்து. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது ட்ராக் வெடுக்கென்று சுழன்றால் பனியைப் பிடிக்காது, நேராகக் கீழே தோண்டும். மென்மையாகப் பிடித்து, துடுப்புகளுக்குக் கீழே பனி இறுகியபின் வேகம் எடுக்கும்படி முதல் கிளட்சின் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசியாகப் பல்சக்கரங்கள். மலையில் யாருக்கும் மணிக்கு 150 கிலோமீட்டர் தேவையில்லை. விகிதத்தைத் தாழ்த்தினால் பவுடரில் போகும் வேகத்தில் பெல்ட் கிளட்சின் நடுப்பகுதியில் ஓடும், சூடும் குறையும்.

பவுடர் தரும் தனித் தொல்லைகள்

ட்யூனிங் எல்லாம் சரியாக இருந்தும் வண்டி திணறினால் முதலில் காற்று உள்ளே போகும் வலைகளைப் பாருங்கள். பறக்கும் தூள்பனி அவற்றில் ஒட்டி, உருகி, மறுபடி உறைந்து ஒரு பொருக்காகிவிடும். காற்று அடைபட்டால் கார்புரேட்டர் எஞ்சின் ரிச் ஆகித் திணறும். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறையின் காற்றுக் குழாய் அடைபட்டாலோ பெட்ரோல் வருவது குறைந்து லீன் ஆகும், அது இன்னும் ஆபத்தானது. இரண்டுக்கும் ஜெட்டை மாற்றினால் தீர்வு வராது.

பக்க மூடிகளின் காற்றோட்டத் துளைகளையும் பனி மூடிவிடும். கிளட்ச் பக்கத்துச் சூடு வெளியே போக வழியில்லாமல் பெல்ட் வெந்து கிழியும். வண்டியை அணைத்து, எல்லாம் நின்ற பிறகு கிளட்சின் தகட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் எங்கோ பெல்ட் வழுக்குகிறது என்று பொருள். வெயிட், ஹெலிக்ஸ், பல்சக்கர விகிதம் மூன்றையும் மறுபடி பார்க்க வேண்டும்.

எஞ்சினுக்கு இதற்கு எதிரான பிரச்சினை. ட்ராக் வாரியிறைக்கும் பனி கூலன்டை மிக நன்றாகக் குளிர்விக்கிறது. காலையில் எஞ்சின் சூடாகுமுன் முழு த்ராட்டில் கொடுத்தால் பிஸ்டன் வேகமாக விரியும், சிலிண்டர் குளிர்ந்தே இருக்கும், இடைவெளி மறைந்து சீஸ் ஆகும். வண்டியை நிறுத்தி ஓய்வெடுத்த பிறகும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

டர்போ வந்தபின்

காற்றே குறைவு என்றால் காற்றை உள்ளே அழுத்து என்பதுதான் டர்போ. தனியார் பட்டறைகள் பல வருடங்களாகப் பொருத்திவந்ததை, ஸ்கீ-டூ 2020 மாடலில் டூ-ஸ்ட்ரோக் 850 எஞ்சினில் தொழிற்சாலையிலேயே பொருத்திக் கொடுத்தது. கடல்மட்டத்தின் 165 குதிரைத்திறனை 8000 அடி வரை விடாமல் தரும் என்பதே அதன் நோக்கம். போலாரிஸ் 2022 மாடலில் தன் டர்போவோடு வந்தது.

டர்போ வந்தாலும் கிளட்ச் வேலை ஒழிவதில்லை. இழுவை குறையாததால் வெயிட்கள் கனமாக இருக்க வேண்டும், பெல்ட்டுக்குச் சூடு இன்னும் அதிகம். பெட்ரோலிலும் கவனம் வேண்டும். கொலராடோ, யூட்டா, வயோமிங் பகுதிகளில் சாதாரண பெட்ரோல் 85 ஆக்டேனில் (நாக்கிங்கைத் தாங்கும் திறனைக் காட்டும் எண்) விற்கப்படுகிறது. உயரத்தில் சிலிண்டர் அழுத்தம் குறைவதால் அது போதும் என்ற கார்புரேட்டர் காலத்து வழக்கம் அது. அழுத்தத்தைத் திரும்பக் கொண்டுவரும் டர்போவுக்கு அந்தச் சலுகை கிடையாது, 91 ஊற்றியே ஆக வேண்டும். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சக்தி கூடக்கூட வண்டி ஏறும் சரிவும் செங்குத்தாகும். பெரும்பாலான பனிச்சரிவுகள் நிகழ்வது 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகளில்தான். நல்ல ட்யூனிங் ஒருவரை நேராக அங்கேதான் கொண்டு சேர்க்கும். புதைந்தவரைத் தேட உதவும் ரேடியோ கருவியான பீக்கன், பனிக்குள் குத்திப் பார்க்கும் கம்பி, மண்வாரி மூன்றும் இல்லாமல், அன்றைய பனிச்சரிவு அறிவிப்பைப் படிக்காமல் அங்கே போகக் கூடாது.

கீழே இறங்கும்போது

மலைக்கு அமைத்த கார்புரேட்டர் வண்டி மிக எளிதாக அழிவது மலையில் இல்லை, வீட்டுக்குத் திரும்பிய பிறகு. 3000 மீட்டருக்கான சின்ன ஜெட்டோடு 300 மீட்டர் உயரத்தில், மைனஸ் 25 டிகிரிக் குளிரில் ஓட்டினால் அடர்த்தியான காற்று உள்ளே வரும், பெட்ரோல் அதற்குப் போதாது. முதல் முழு த்ராட்டிலிலேயே பிஸ்டன் போகலாம். மலைக்கென்று அழுத்த விகிதத்தை உயர்த்திய சிலிண்டர் ஹெட் இருந்தால் நாக்கிங்கும் (கலவை நேரத்துக்கு முன் வெடித்துத் தட்டுவது) சேர்ந்துகொள்ளும். இலேசான வெயிட்கள் எஞ்சினை உச்சத்தைத் தாண்டிச் சுழல விடும், ஆனால் அதைச் சத்தத்திலும் சுற்றுமானியிலும் கண்டுபிடித்துவிடலாம். லீன் அப்படி எச்சரிக்கை கொடுக்காது. எஞ்சின் அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூர்மையாக ஓடுவது போலவே இருக்கும், பிறகு நின்றுவிடும். அதனால் இறங்கியதும் முதலில் மாற்ற வேண்டியது ஜெட், அடுத்து ஊசியின் கிளிப், அதன் பிறகு வெயிட். எந்த உயரத்துக்கு எந்த எண்கள் போட்டிருக்கிறோம் என்பதை ஒரு ஸ்டிக்கரில் எழுதி கிளட்ச் மூடியின் உட்புறத்தில் ஒட்டி வைத்துவிடுங்கள். ட்ரெய்லரிலிருந்து வண்டியை இறக்குபவர் வேறு ஆளாக இருந்தாலும், ஸ்டார்ட் செய்வதற்கு முன் அது அவர் கண்ணில் பட வேண்டும்.